ஞாயிற்றுக்கிழமைகளில் வேகமெடுத்த பிராசசர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. மாணவிகளிடம் கோபப்பட்டிருக்கிறேன், பஸ் கண்டக்டரிடம் கோபப்பட்டிருக்கிறேன், ஆனால் ஒரு கம்ப்யூட்டரிடம் வாரக்கணக்கில் கோபமாக இருந்தது ஒரே ஒரு தடவைதான். அந்தக் கம்ப்யூட்டரால்தான் இன்று எனக்கு வேலை இருக்கிறது. அதை வைத்திருந்த இரண்டு பேரை நினைக்காமல் நான் ஒரு நாளும் வகுப்புக்குள் நுழைவதில்லை.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நான் வேதியியல் எடுக்கிறேன். முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த கல்வியாண்டில் வேலை கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. என் ஆய்வோ பாதியில் நின்றுகொண்டிருந்தது. ஒரு நீட்டிப்பு வாங்கி, அதற்கு மேல் இன்னொன்றும் வாங்கியாகிவிட்டது. மார்ச் மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும் என்று என் நெறியாளர் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, "பாத்துக்கம்மா" என்று வைத்துவிட்டார். எதைப் பார்க்க? என் லேப்டாப்பையா?

ஒரு புரத மூலக்கூறு தண்ணீருக்குள் எப்படி மடங்குகிறது, எப்படி விரிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் ஆய்வு. ஒவ்வொரு அணுவும் பக்கத்து அணுவை எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். நெறியாளர் இளைஞராக இருந்த காலத்து மென்பொருள் அது. கிராபிக்ஸ் கார்டு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. பிராசசர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம்தான். என் லேப்டாப் மூச்சு வாங்கிப் போட்ட வேகத்தைப் பார்த்தால் வேலை முடிய அடுத்த ஓணம் வந்துவிடும். புதிதாக வாங்கலாம் என்றால் என் சம்பளத்தில் அதன் விசிறியைத்தான் வாங்க முடியும்.

அப்போதுதான் சித்தி மகன் வளைகுடாவிலிருந்து கூப்பிட்டான். எனக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை, அவன்தான் தம்பி. அங்கே ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறான்.

"அக்கா, நீ கவலப்படாத கேட்டியா. கிறிஸ்மஸுக்கு லீவுல வாறேன். நல்ல பிராசசர் ஒண்ணு, அதுக்க போர்டு, ராம் எல்லாம் வாங்கிட்டு வாறேன். எது வேணும்ன்னு மட்டும் நீ சொல்லு."

"லேய், உனக்கு எதுக்குடே இந்தச் செலவு?" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, அவன் மனசு மாறுவதற்குள் சரி என்றும் சொன்னேன்.

எது வேண்டும் என்பதுதான் பிரச்சினை. என் வேலைக்கு ஒத்துவரும் என்று இரண்டு பிராசசர்கள் கண்ணில் பட்டன. ஒன்றில் கணக்குப் போடும் மையங்கள் அதிகம். மற்றதில் மையங்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் வேகமாக வேலை செய்யும் என்று சொன்னார்கள். இணையத்தில் பார்த்தால் ஆளுக்கு ஒரு பட்டியல். அந்தப் பட்டியல்களை எல்லாம் குளிரூட்டிய அறையில், கரண்டு போகாத ஊரில் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் புழுக்கத்தில், மழை நாலு சொட்டு விழுந்ததுமே கரண்டு போகிற வீட்டில் எது நின்று ஆடும் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. தப்பாகச் சொல்லிவிட்டால் மாற்றவும் முடியாது. தம்பி வருவது ஒரே ஒரு தடவை.

யோசித்துக்கொண்டிருந்தபோது என் லேப்டாப்பில் பழைய நண்பன் ஒருவன் கிடப்பது நினைவுக்கு வந்தது. தன்னார்வக் கணிப்பு நிரல் ஒன்று. உலகத்தில் எங்கோ ஓர் ஆய்வகத்தில் பெரிய கணக்கு ஒன்று இருக்கும். அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, விருப்பமுள்ளவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவார்கள். நாம் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போனால், அது ஒரு துண்டை முடித்து அனுப்பிவிட்டு அடுத்த துண்டை வாங்கிக்கொள்ளும். கூலி கிடையாது. புள்ளி கொடுப்பார்கள், அவ்வளவுதான். முகம் தெரியாத ஜனங்கள் இப்படிச் சும்மா உழைப்பதை நினைத்தாலே எனக்கு ஒரு சந்தோஷம். ஆய்வு தொடங்கிய காலத்தில் நானும் ஓட்டினேன். பிறகு என் கணக்குக்கே லேப்டாப் திணறியதால் நிறுத்திவிட்டேன்.

அந்த நிரல் செய்யும் வேலையும் என் வேலையும் ஒரே ஜாதி. அங்கேயும் புரதம்தான் மடங்குகிறது. அப்படியென்றால் அதே வேலையை இரண்டு வகைப் பிராசசரிலும் ஓடவிட்டுப் பார்த்தால், என் வேலைக்கு எது கெட்டிக்காரி என்று தெரிந்துவிடும். இரண்டையும் என் கணக்கில் சேர்த்துவிட்டால் மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டே போனில் பார்க்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். புள்ளியை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். நாள் முழுக்க ஓடிய கம்ப்யூட்டருக்குப் புள்ளி கூடும், சாயங்காலம் கடையோடு சேர்த்து அணைக்கப்படுகிற கம்ப்யூட்டருக்குக் குறையும். அதனால் ஒரே மாதிரித் துண்டை முடிக்க எது எவ்வளவு நேரம் எடுத்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

மையம் குறைந்த வகை மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் இருந்தது. அதன் உரிமையாளர் என் தெருக்காரர்.

"டீச்சர், இது வைரஸ் ஒண்ணும் இல்லியே?"

"இல்லண்ணே. நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப் போடுத கணக்கு."

"அப்பம் செரி. ஆனா கல்யாண வேல வந்தா நிப்பாட்டிருவேன் கேட்டியளா. மாப்பிள்ளைக்க அம்மை வந்து ஆல்பம் எங்கன்னு கேட்டா நான் மருந்துன்னு சொல்ல முடியாது."

மையம் அதிகமுள்ள வகை எங்கே இருந்தது என்றால், தம்பியின் சொந்த வீட்டிலேயே. வெளிநாடு போவதற்கு முன்னால் விளையாடுவதற்கென்று ஆசைப்பட்டு வாங்கிய கம்ப்யூட்டர். அவன் போனதிலிருந்து தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டு முன்னறையில் சும்மா இருந்தது. கல்லூரி இருக்கும் நாட்களில் என்னால் நகர முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

சித்தி அப்போதுதான் சர்ச்சில் பூசை முடிந்து வந்திருந்தாள். வாசலில் கொடி நிறையத் துணி. ஈரமான நீலத் தார்ப்பாய் ஒன்று காற்றில் அடித்து என் முகத்தில் அப்பியது. "எதுக்கு சித்தி தார்ப்பாயையெல்லாம் தொவைக்க?" என்று கேட்டேன். "உப்பு மக்களே, உப்பு" என்றாள். கடற்கரையில் எல்லாவற்றுக்கும் இதுதானே பதில் என்று விட்டுவிட்டேன்.

சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து பால் விடாத கட்டங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை. வலது கையில் தொடங்கிய நடுக்கம் இடது கைக்கும் வந்து, கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். சித்தி அவருக்கு டம்ளரில் பாதிதான் ஊற்றுவாள். பாதிதான் ஊற்றுகிறாள் என்று அவர் அவளை ஏசுவார். அது தினமும் நடக்கும்.

நிரலைப் போட்டு முடித்ததும் சித்தி கேட்டாள். "இது என்னத்துக்குட்டி ராவும் பகலும் ஓடணும்?"

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அந்த நிரலில் எந்த நோய்க்கான கணக்கு வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் கை நடுக்க நோயைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதையும் சொன்னேன்.

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்க கைக்கா?"

"உங்களுக்க கைக்குன்னு இல்ல சித்தப்பா. இந்த நோவு உள்ள எல்லாருக்கும். மருந்து இப்ப ஒண்ணும் வந்துராது. வருஷக்கணக்கா ஆகும். வராமலும் போவும்."

"உலகத்துல உள்ளவன் எல்லாம் சேந்து போடுதானா?"

"ஆமா, ஆளுக்குக் கொஞ்சம்."

"கரமடி மாதிரின்னு சொல்லு" என்றார். கரமடி என்பது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை. ஊரே இரண்டு வரிசையாகக் கயிற்றைப் பிடித்து இழுக்கும். "செரி, நாமளும் ஒரு கை பிடிப்போம். என்ன கெடக்கோ."

சித்தி அன்றைக்கே வீட்டுக்குச் சட்டம் போட்டுவிட்டாள். அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது. அணைக்கக்கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது. கரண்டு போனால் தாங்க, தம்பி வாங்கி வைத்த இன்வெர்ட்டர் இருந்தது. எனக்கு நிம்மதியாகப் போயிற்று. அந்த வீட்டில் மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் தின்றுவிட்டு, பஸ்ஸில் தூங்கிக்கொண்டே மார்த்தாண்டம் வந்தேன்.

அதற்கப்புறம்தான் என் கோபம் தொடங்கியது.

ஸ்டுடியோ கம்ப்யூட்டர் அடக்கமான மருமகள் மாதிரி ஒரே சீராக வேலை செய்தது. தம்பியின் கம்ப்யூட்டரோ முதல் நாள் ஓடு ஓடென்று ஓடி, ஸ்டுடியோவை எங்கோ பின்னால் விட்டுவிட்டு, மறுநாளே தள்ளாடத் தொடங்கியது. ஒரே மாதிரித் துண்டுக்கு ஸ்டுடியோவைவிட அதிக நேரம் எடுத்தது. இத்தனை மையத்தை வைத்துக்கொண்டு! சவத்து மெஷின் என்று ஆசிரியர் அறையில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். சித்தியைக் கூப்பிட்டேன்.

"சித்தி, அது ஓடுதா?"

"ஓடுது மக்களே. நல்லா இரையுது. ஒரு தூசி படாம பத்திரமா வச்சிருக்கேன்."

"வேற யாராவது அதுல எதாவது செய்யுதாங்களா?"

"எவன் செய்வான்? கைய வெட்டிப்போட மாட்டேன்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது மறுபடி பறந்தது. திங்கட்கிழமை படுத்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஒரு கம்ப்யூட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படித் தெரியும்? வேதியியல் படித்த மூளையை வைத்துக்கொண்டு யோசித்து, கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடற்கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். கடலுக்குப் போகாவிட்டால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் ஐஸ் ஃபேக்டரிகளுக்கு வேலை இல்லை. அவை ஓடாதபோது கரண்டு நல்ல அழுத்தத்தில் வரும். மற்ற நாட்களில் வராது. அந்த வகைப் பிராசசர் மோசமான கரண்டைத் தாங்காத சீமாட்டி. மார்த்தாண்டத்திலும் கரண்டு ஒன்றும் யோக்கியம் இல்லை. ஆகவே மற்றதைத்தான் வாங்க வேண்டும்.

என்ன ஒரு அறிவு! இயற்பியல் எடுக்கும் தோழி, "வோல்டேஜுக்கும் பிராசசருக்க வேகத்துக்கும் அப்படியொரு சம்பந்தம் இல்லியே" என்று இழுத்தாள். "உனக்கு எங்க கடற்கரைக் கரண்டு தெரியாது" என்று அவள் வாயை அடைத்தேன்.

தம்பியிடம் சொன்னபோது அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எனக்க மெஷினையா கொறச்சுச் சொல்லுத? அந்தக் கல்யாண வீடியோக்காரனுக்க மெஷினு எனக்க மெஷினுக்க பக்கத்துல நிக்குமா?"

"நின்னுதேடே. கணக்கு சொல்லுது."

"உனக்க கணக்கத் தூக்கிக் குப்பைல போடு. நான் அதுல எவ்வளவு வெளையாடியிருக்கேன் தெரியுமா?"

"வெளையாட்டு வேற, வேல வேற."

"செரி, உனக்க இஷ்டம்" என்று வைத்துவிட்டான். மறுநாள் அவனே கூப்பிட்டு, இன்னும் ஒரு வாரத்தில் முடிவாகச் சொல், கடையில் சொல்லி வைக்க வேண்டும் என்றான். ரோஷம் இருந்தாலும் நல்ல பிள்ளை.

அந்த வாரத்தில்தான் மழை பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை காலையில் கலெக்டர் விடுமுறை விட்டார். முடிவு சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் போனேன். சித்தியின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில் நான் போனது, அந்த நிரலைப் போட்ட பிறகு அதுவே முதல் தடவை.

முன்னறையில் கம்ப்யூட்டரைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் நீலமாக ஒரு மூட்டை இருந்தது. மூட்டை உறுமிக்கொண்டிருந்தது. சித்தப்பா நாற்காலியை அதை ஒட்டிப் போட்டு, இரண்டு கையையும் மூட்டையின் தலையில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"சித்தி! இது என்ன கோலம்?" என்று நான் போட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"என்னட்டி? மகன் போனதுலயிருந்து போடுத உறைதானே?"

உறைதான். எங்கள் கடற்கரையில் விலை கொடுத்து வாங்கிய பொருள் எதுவும் சட்டை போடாமல் இருக்காது. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஃபிரிட்ஜுக்கு உறை, டிவிக்கு உறை, வாஷிங் மெஷினுக்கு உறை, சித்தி வீட்டில் கேஸ் சிலிண்டருக்குக்கூடப் பூப்போட்ட பாவாடை உண்டு. ஆனால் இது சாதாரண உறை இல்லை. படகை மூடும் தார்ப்பாயை வெட்டி, இரண்டு மடிப்பு வைத்து, பின்னால் வயர் போவதற்கு மட்டும் இடம் விட்டு, அளவெடுத்துத் தைத்தது.

"நீதானே சொன்ன, இது நிக்காம ஓடணும்ன்னு? நோவுக்குள்ள கணக்குப் போடுத சாதனத்த உப்பு தின்ன விடுவேனா? ஞாயித்துக்கிழமை தோறும் நல்ல வெள்ளத்துல அலசிக் காயப் போடுவேன். சாயங்காலம் திருப்பியும் போட்டு மூடிருவேன்."

முதல் நாள் என் முகத்தில் அப்பிய நீலத் தார்ப்பாய். ஐயோ, அதைக் கையால் தொட்டுமிருக்கிறேன்! சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். சித்தியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. ஐஸ் ஃபேக்டரியாம், வோல்டேஜாம்! பிராசசருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. சூடு எல்லை தாண்டினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாரத்தில் ஆறு நாள் அந்தச் சீவன் தார்ப்பாய்க்குள் வெந்துகொண்டே உழைத்திருக்கிறது.

உறையை உருவினேன். அடுப்பைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. திரையில் வெப்பநிலை இறங்க இறங்க, வேகம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை வேகத்துக்கு வந்துவிட்டது. நான் கைதட்டினேன்.

சித்தப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "ஏட்டி, அத எதுக்கு எடுத்த? மழ நேரம், கை வச்சா நல்ல சூடு. நடுக்கம் கொஞ்சம் அடங்குன மாதிரி இருந்துது."

எனக்குச் சிரிப்பு நின்றது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் விசிறி தள்ளும் காற்றைக் காட்டினேன். "இஞ்ச வையுங்க சித்தப்பா. இதும் சூடுதான்." அவர் கையை நீட்டிப் பார்த்தார். "கொள்ளாம், இதும் நல்லாத்தான் இருக்கு" என்று நாற்காலியைப் பின்பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்திலேயே தம்பியைக் கூப்பிட்டேன். "லேய், உனக்க மெஷின்தான்டே ஜெயிச்சுது! உனக்க அம்மை அதுக்குத் தார்ப்பாய் போத்தி வச்சிருந்தா! அந்த வகையே வாங்கு!"

அவன் சிரித்தான். "நான் ஊர் ஊரா ஏ.சி. மாட்டிக் குடுக்கேன், எனக்க வீட்டுலயே எனக்க மெஷினப் போட்டு அவிச்சிருக்கு பாத்தியா" என்றான். பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா, நானே கூப்பிடணும்ன்னு இருந்தேன். லீவு தள்ளிப் போச்சு. கிறிஸ்மஸுக்கு விட மாட்டான். ஈஸ்டர் கழிஞ்சுதான் வர முடியும். யார்கிட்டயாவது குடுத்து விடலாம்ன்னு கேட்டுப் பாத்தேன், வாறவன் எவனும் இல்ல."

ஈஸ்டர் கழிந்து. என் மார்ச் முடிந்து. "பரவால்லடே, நீ என்ன செய்வ" என்று சொன்னது நினைவிருக்கிறது. போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். இத்தனை வாரம் இரண்டு பிராசசரை ஒப்பிட்டு, கடைசியில் எது நல்லது என்று தெளிவாகத் தெரிந்துகொண்டேன். வாங்கத்தான் வழியில்லை.

"வேல போச்சு சித்தி" என்றேன். அவ்வளவுதான் வந்தது. மற்றதெல்லாம் அழுகை. சித்தி என் தலையைப் பிடித்துக்கொண்டு, "அழாத மக்களே, அழாத" என்று அவளும் அழுதாள்.

சித்தப்பா விசிறிக்குப் பின்னாலிருந்து கேட்டார். "இப்ப இது நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது சித்தப்பா. நான் பாத்ததுலயே இதுதான் நல்ல மெஷின்."

"அப்பம் உனக்க கணக்க இதுலயே போட்டா என்ன?"

எனக்கு அது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. அது தம்பியின் கம்ப்யூட்டர், என் மேசையில் எனக்கென்று ஒன்று வேண்டும் என்றே புத்தி போயிருந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. அது ஏற்கெனவே யாருக்கோ வேலை செய்துகொண்டிருந்தது.

"இதுல உங்களுக்குள்ள கணக்குல்லா ஓடுது?"

"அது இருக்கட்டு. கரமடிக்கு முறை உண்டு தெரியுமா? ஒரு கரையில ஒரு நேரம் ஒரு வலைதான் போட முடியும். இவனுக்கு அப்புறம் இவன்னு முறை. எவன் வீட்டுலயாவது ஒரு தட்டுப்பாடு வந்துட்டுன்னா, முறை உள்ளவன் விட்டுக் குடுப்பான். அவன் போட்டு முடிஞ்ச ஒடனே திருப்பிக் குடுத்துரணும். எனக்க முறைய உனக்கு விட்டுத் தாறேன். நீ போடு."

அவர் என்ன நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பெட்டி ஓடினால் தன் கை நேராகிவிடும் என்று நம்பிக்கொண்டு, அதை எனக்காக நிறுத்தச் சொல்கிறாரோ? "சித்தப்பா, நான் அண்ணைக்கே சொன்னேன். இது உங்களுக்க கைய..."

"தெரியும்ட்டி" என்று கையை உயர்த்தினார். உயர்த்திய கை தன்பாட்டுக்கு ஆடியது. "இந்தக் கை இனி வலை பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா எங்கயோ ஒருத்தன் இருப்பான்லா. இப்பதான் நடுக்கம் தொடங்கியிருக்கும். அவனுக்கு ஆகும்ன்னுதான் நான் போட்டுக்கிட்டு இருந்தது. அவன் கொஞ்சம் பொறுக்கட்டு. எனக்க மகளுக்கு வேல போவுதுன்னு சொன்னா அவன் பொறுக்க மாட்டானா?"

நான் அவருக்கு மகள் இல்லை. அவருக்குப் பெண்பிள்ளையே கிடையாது. சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேட்டியா, போடுட்டி, போடு" என்று என்னைத் தூக்கி நிறுத்தினாள். அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். அழுதுகொண்டேதான் தன்னார்வ நிரலை நிறுத்தினேன்.

அன்றிலிருந்து என் புரதம் தேங்காய்ப்பட்டணத்தில் மடங்கத் தொடங்கியது. சித்தி தார்ப்பாயைக் கைவிட்டு, காற்று போகிற மாதிரி கொசுவலைத் துணியில் ஒரு திரை தைத்தாள். என்னிடம் கேட்டு, விசிறி பக்கம் மறைக்காமல் தைத்தாள். தினமும் போனில் வெப்பநிலையைப் படித்துச் சொன்னாள். காய்ச்சல் பார்ப்பதுபோல, "இன்னைக்குக் கொறவுதான் மக்களே" என்பாள். ஒரு நாள் கரண்டு வெகுநேரம் வராமல் இன்வெர்ட்டரும் நின்றுவிட்டது. அழாத குறையாகப் போனில் கூப்பிட்டாள். விட்ட இடத்திலிருந்து அது தொடரும் சித்தி என்று நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. தம்பி அங்கிருந்து, "எனக்க மெஷினக் கொறச்சுச் சொன்னியே, இப்ப எப்பிடி?" என்று வாரம் ஒரு தடவை கேட்டான். கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு நான் கடன்பட்டவள். ஸ்டுடியோக்காரர்கூட, கல்யாணம் இல்லாத மாதத்தில் என் கணக்கின் ஒரு பகுதியைத் தன் கம்ப்யூட்டரில் வாங்கிப் போட்டுக்கொடுத்தார். நான் கேட்காமலே அவராக வந்து கேட்டார்.

பிப்ரவரி கடைசியில் கணக்கு முடிந்தது. மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். நன்றியுரையில், முறை விட்டுத் தந்த சித்தப்பாவுக்கு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். "இது என்னம்மா, புரியலையே" என்றார் நெறியாளர். "இருந்துட்டுப் போகட்டும் சார்" என்றேன். அவர் விட்டுவிட்டார். அவருக்கும் நன்றி.

கொடுத்த மறுநாளே தேங்காய்ப்பட்டணம் போனேன். சித்தப்பா நாற்காலியில் தயாராக இருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சித்தப்பா. இனி உங்களுக்க முறை."

பழைய நிரலைத் திறந்து வைத்தேன். அதில் ஒரே பொத்தான்தான். அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். நான் சுட்டியைக் கையில் எடுக்கப் போனேன்.

"கைய எடுட்டி. எனக்க முறைய நான்தானே போடணும்."

சுட்டியைப் பிடித்தார். விரல் நடுங்கியதில் ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை அழுந்தியது. ஓடத் தொடங்கிய உடனே நின்றுவிட்டது. "சவம்" என்றார். மறுபடி அழுத்தினார். மறுபடியும் ஓடி நின்றது. நான் குனிந்தேன். சித்தி என் தோளைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவர் வலது மணிக்கட்டை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். இடது கையும் ஆடியது. இரண்டும் சேர்ந்து ஆடி, கொஞ்சம் அடங்குகிற நேரம் வரைக்கும் காத்திருந்து, மெல்ல ஒரு அழுத்து அழுத்தினார்.

ஓடியது. விசிறி வேகமெடுத்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து, பெருமூச்சு விட்டு, திரையில் நகரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம்" என்றார். "எங்கயோ இருக்குதவன் இவ்வளவு நாளும் பொறுத்துக் கெடந்தானே."